மணி அடித்ததிலிருந்து கேட் திறக்கும் வரை

“காலேப்போட போனைக் குடுங்கப்பா.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அசரியாவின் கை நின்றது. ரசம் ஊற்ற வந்த மனைவி ஹில்டா கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்தப் போனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று மகனை அடக்கம் செய்த அன்றே அசரியா சொல்லிவிட்டார். ஆறு வாரமாக மகள் எப்சியும் கேட்கவில்லை.

இன்று கேட்டதற்குக் காரணம், சர்ச் வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ். ‘செல்போன் மோகம்: வாலிபரே, விழித்திருங்கள்!’ மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். பேசுபவர் சபைச் செயலாளர் லாசரஸ். ஒரு பக்கம் ரயில் படம், மறுபக்கம் அவள் தம்பி காலேப்பின் சிரித்த முகம்.

“என் தம்பி மூஞ்சியைக் காட்டி ஊருக்குப் புத்தி சொல்றாங்க. அதுக்கு நீங்க மணி அடிக்கப் போறீங்க.”

“அது என் வேலைம்மா.”

அந்த சர்ச்சில் மணி அடித்து, பெருக்கி, பூட்டுகிற வேலை அவருக்கு. குடியிருப்பும் சர்ச்சுக்குப் பின்னால்தான்.

காலேப்புக்குப் பத்தொன்பது வயது. லீவு கிடைத்தால் தாம்பரம் தாண்டி இருக்கும் ரயில்வே கேட்டில் போய் நிற்பான். போனை ஸ்டாண்டில் மாட்டி, கேட் மூடும் மணி அடித்ததும் ரெக்கார்டை அழுத்துவான். சிவப்பு விளக்கு, இறங்குகிற கம்பம், ரயில், திரும்ப உயர்கிற கம்பம். அதுவரை அணைக்க மாட்டான். “நடுவுல வெட்டினா அது வீடியோவே இல்லக்கா” என்பான்.

“கொஞ்சம் கிட்டப் போய் எடுடா, வியூஸ் வரும்” என்று எப்சியே கிண்டல் செய்திருக்கிறாள்.

“லூசாக்கா நீ? டிரைவர் பயந்துடுவாரு.”

அவனைத்தான், ரயில் முன்னால் வீடியோ எடுக்கப் போய்ச் செத்தவன் என்று பேப்பரில் போட்டார்கள்.

“அவன் கேட்டைத் தாண்ட மாட்டான்பா. குடுங்க.”

ஹில்டாதான் உள்ளே போய், அரிசி டின்னிலிருந்து துணியில் சுற்றிய போனை எடுத்துவந்தாள்.

“தினமும் சார்ஜ் போடறேன். தொறக்கத் தெரியல. உள்ள அவன் இருக்கான்ல.”

எப்சிக்குத் திறக்கத் தெரியும். கடைசி வீடியோவை ஓடவிட்டாள்.

மணி அடித்தது. கம்பம் இறங்கியது. ஒரு வெள்ளை ஸ்கூட்டர் சாய்ந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்தது. தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டது. “சார்! வண்டியை விட்டுட்டு வாங்க சார்!” காலேப்பின் குரல். பிறகு ஓடுகிற அவன் முதுகு. பின்னாலிருந்து முழு பலத்தோடு தள்ளினான். ஸ்கூட்டர் தாண்டிவிட்டது.

ரயில் வந்தது.

ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டாள். ரயில் போன பிறகும் வீடியோ ஓடியது. அணைக்க அவன் இல்லை. எதிர்ப்பக்கக் கம்பம் உயர்ந்தது. ஸ்கூட்டர்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

லாசரஸ் சார்.

செய்தி கேட்டு ஓடிப்போய், போலீஸ் வருமுன் போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றியவர் அசரியா. ரெக்கார்டு ஓடிக்கொண்டே இருந்ததால் போன் பூட்டிக்கொள்ளவில்லை; அன்றே பார்த்தும் விட்டார்.

“உனக்கு காலேஜ் சீட்டு அவர் லெட்டர்லதான் கெடைச்சுது” என்றார் அழுதுகொண்டே. “நம்ம குடும்பத்துலயே மொத டிகிரி. இந்த வீடும் அவர் கையில. போனவன் திரும்பி வருவானாம்மா?”

“வர மாட்டான். அதுக்காக அவன் பேரையும் புதைச்சிட்டீங்களா? என் டிகிரிக்கு என் தம்பிதான் விலையாப்பா?”

எப்சி போனைப் பையில் வைத்தாள்.

“மூடின கேட்டுல குனிஞ்சு போறவன் தன் உயிரை மட்டும் பணயம் வெக்கல. காப்பாத்த ஓடி வர்றவன் உயிரையும் சேத்துதான் வெக்கிறான். அதை மறைக்கிற நாம, அடுத்தவனுக்கும் கம்பத்தைத் தூக்கிப் பிடிக்கிறோம்.”

“எங்கடி போற?” என்றாள் ஹில்டா.

“ரயில்வே போலீஸுக்கு.”

ஹில்டா தடுக்கவில்லை. சார்ஜரைக் கொண்டுவந்து நீட்டினாள். “வழியில அணைஞ்சிடப் போவுது.”

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எப்சி செருப்பை மாட்டினாள்.

“மணி அடிக்கிறதும் அடிக்காததும் உங்க இஷ்டம்பா.”

பிளெக்ஸில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கினாள்.