மூசைக்குள் இரண்டு மோதிரங்கள்

லெ லோக்ல் ஊரில் மூடுபனி சன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கைக்கடிகாரக் கூடுகள் கடையும் பட்டறையில் ரொசீன் தன் மேலங்கிப் பையைத் தடவினாள். மோதிரம் இல்லை. காலையில் அதை அலமாரியில் கழற்றி வைக்க மறந்து, பையில் போட்டிருந்தாள். எந்திரத்தின் அடியில் சேர்ந்த தங்கச் சீவலை அள்ளக் குனிந்தபோது விழுந்திருக்க வேண்டும். அந்தச் சீவலோ எடை போட்டு, கீழே உலைக்குப் போய்விட்டது.

படியிறங்கி ஓடினாள்.

"யுலிஸ் அண்ணே, என் கல்யாண மோதிரம் சீவலோட வந்துடுச்சு!"

"அடிப் பாவி, இப்ப வந்து சொல்றியே! எல்லாம் உருகிப்போச்சு," என்றார் உலைக்காரர்.

தங்கம் உருக்கும் மண்குடுவையான மூசைக்குள் எட்டிப் பார்த்தாள். சுருள் சுருளாய்க் கிடந்ததெல்லாம் ஒரே தளும்பலாகி, தனக்குள்ளிருந்தே ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அதில் எது மோதிரம், எது சீவல்? அழுகைகூட வரவில்லை, தூக்கத்தில் எங்கோ மிதப்பதுபோல் இருந்தது.

செய்தி மெருகுப் பிரிவுக்கு எட்டி, அவள் கணவன் கஸ்பார் வந்தான்.

"கோவமா?" என்று கேட்டாள் ரொசீன்.

"யார் மேல? தள்ளு, நானும் பாக்கறேன்."

நெடுநேரம் பார்த்தான். முகமெல்லாம் மஞ்சள் வெளிச்சம். விரல் தடித்துப்போய் அவன் மோதிரம் வருஷக்கணக்கில் கழன்றதில்லை. வேலை நேரத்தில் மோதிரம் கூடாதென்று சொல்லிச் சொல்லி மேஸ்திரியே சலித்துப்போய், அதன்மேல் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். இப்போது அந்தப் பட்டையை உரித்தான். சோப்பைத் தடவினான். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.

"என்ன பண்றே நீ?"

"அது மட்டும் அங்க தனியா என்ன பண்ணும்?"

யுலிஸ் தடுப்பதற்குள் போட்டுவிட்டான். ஒரு கணம் வட்டமாய்த் தெரிந்தது. பிறகு ஓரம் இளகி, அமிழ்ந்து, இல்லாமல் போயிற்று.

"கிறுக்குப் பயலே, முதலாளிக்குத் தானம் பண்றியா?" என்று கத்தினார் யுலிஸ். பாளம் வார்த்து ஆறும்வரை மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் மேஸ்திரி தராசின்முன் தலையைச் சொறிந்தார். உருக்கினால் எப்போதும் கொஞ்சம் குறையும், இன்று கூடியிருக்கிறது.

"இது எப்படிய்யா?"

"எனக்கென்ன தெரியும்? தங்கத்துக்கு இன்னிக்கு மனசு நல்லாருக்கு போல," என்றார் யுலிஸ்.

வெளியே தெருவிளக்குகள் பனியில் பஞ்சுருண்டைகளாய் மிதந்தன. ரொசீன் கணவனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடம் பிறந்த குழந்தையின் தோல்போல் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?"

"குளிருது. விடாம பிடிச்சுக்கோ."