மேபலின் கைநாட்டு

ஆற்று மணலில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு நீதிமன்றம் கூடியிருந்தது. நீதிபதி அங்கியில்லாமல், தொப்பியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறும் கரை நிலமும் தங்களுடையவை என்று அங்கே வாழும் பூர்வகுடி மக்கள் போட்ட வழக்கில் அன்று சாட்சி சொன்னவள் டல்ஸி. அறுபது வயது. குறுக்கு விசாரணை செய்தவர் எதிர்த்தரப்பு வக்கீல் ஹாலோரன்.

ஹாலோரன் காலையிலிருந்து ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். எங்கேயாவது மாற்றிச் சொல்லமாட்டாளா என்று பார்த்தார். மூன்று முறையும் டல்ஸி அதே பதிலை அதே நிதானத்தோடு சொன்னாள். பின்வரிசையில் இருந்த அவள் சித்தி மகன் க்ளாரிதான் நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் தவித்தான்.

"நீங்க ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. அப்புறம் இந்த மடுவுல பெரிய பாம்பு இருக்குன்னும் நம்புறீங்களா?" என்று கேட்டார் ஹாலோரன்.

"நீங்களும் சர்ச்சுக்குப் போவீங்கல்ல தம்பி? உங்க பைபிள்ல பாம்பு பேசவே செய்யுதே. எங்க பாம்பு பாவம், வாயத் திறக்காது."

நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். ஹாலோரனும் சிரித்துக்கொண்டே கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

டல்ஸிக்கு ஆறு வயதாக இருந்தபோது, பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரர் முறையில் வளர்க்க வேண்டும் என்ற சட்டப்படி அரசாங்க ஆட்கள் லாரியில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தெற்கே ஒரு விடுதியில் விட்டார்கள். அம்மா மேபல் ஒருநாளும் அவளைப் பார்க்க வரவில்லை. பதினேழு வயதில் டல்ஸி ஊர் திரும்பியபோது மேபல் உயிரோடு இல்லை. மேபல் நம்மை வேண்டாமென்று டவுனுக்குப் போய், வெள்ளைக்காரர்களோடு வெள்ளைக்காரியாக இருந்து செத்தாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். டல்ஸி அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஆற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் ஆறு வயதுக்குள் மேபல் மடியில் கேட்டதும், பிறகு சித்தியிடம் கற்றதும்தான்.

ஹாலோரன் எடுத்த தாள், மேபல் குடியுரிமைக்குப் போட்ட மனு. அந்தக் காலத்தில் அவர்களுக்கு அது வேண்டுமென்றால், இரண்டு வருடமாகச் சொந்த ஜனத்தோடு ஒட்டு உறவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மேபல் செய்திருந்தாள். கீழே அவள் கைநாட்டு.

"உங்க அம்மா சத்தியம் பண்ணிப் பொய் சொன்னாங்களா? இல்ல, நெஜமாவே உங்க ஜனத்தை விட்டு வெலகிட்டாங்களா?"

பொய் என்றால், ஆற்றின் கதைகளைச் சொன்னவளே பொய்க்காரி. மெய் என்றால், ஆற்றோடு இருந்த உறவு அன்றைக்கே அறுந்தது; அறாமல் தொடர்ந்தவர்களுக்குத்தான் சட்டம் நிலம் தரும். டல்ஸியின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தாள். நீதிபதி பதில் வரட்டும் என்றார்.

அந்தத் தாளைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று டல்ஸி கேட்டாள். மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். மனுவின் காரணம் என்ற இடத்தில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருந்தான்: 'மகள் டல்ஸியைத் திரும்பப் பெறுவதற்காக.' குடியுரிமை இருந்தால்தான் பெற்ற பிள்ளையைக் கேட்க முடியும். டல்ஸியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் இரண்டு மாதம் கழிந்த தேதி.

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. தண்ணீர் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பொய் சொல்லல தம்பி. நெஜமாத்தான் போயிருக்கா. என்னைக் கூட்டிக்கிட்டு இங்க திரும்பி வரணும்னு போயிருக்கா." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு இது தெரியாது. இன்னைக்குத்தான் தெரியும். எடுத்துக் குடுத்ததுக்கு நன்றி. இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா?" என்றாள்.

ஹாலோரன் தாளைத் திரும்ப வாங்கவில்லை. அடுத்த கேள்வியைத் தேடுவதுபோல் கோப்பைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

பந்தலுக்கு வெளியே க்ளாரி யூகலிப்டஸ் மரத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். தன் அம்மா, சொந்த அக்கா மேபலை அடக்கம் செய்யக்கூடப் போகவில்லை என்றான். ஆற்றங்கரையிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. டல்ஸி அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த வக்கீலை முகத்துக்கு நேரே ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றான் க்ளாரி. அவர் கொண்டுவராவிட்டால் நான் சாகும்வரை அம்மாவைத் திட்டிக்கொண்டேதானே இருந்திருப்பேன் என்றாள் அவள்.

தீர்ப்பு இரண்டு வருடம் கழித்து வந்தது. ஆற்றின் மேல்பகுதி மற்றக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. மேபலின் குடும்பம் உரிமை கேட்ட பகுதி கிடைக்கவில்லை. டல்ஸி நேர்மையான சாட்சி என்று நீதிபதி எழுதியிருந்தார். அவள் சொன்னபடியே உறவு ஒரு தலைமுறையில் அறுபட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

அம்மா பொய் சொன்னாள் என்றே சொல்லியிருக்கலாமோ என்று க்ளாரி ஒருநாள் மெல்லக் கேட்டான். டல்ஸி கோபப்படவில்லை.

"அவளுக்குக் குடியுரிமை கெடச்சுது, புள்ள கெடைக்கல. அவளப் போய் நான் பொய்க்காரின்னு சொல்லவாடா?"

அந்த வாரம் இருவரும் டவுன் கல்லறைக்குப் போனார்கள். ஏழைகளைப் புதைத்த மூலையில் எண் போட்ட இரும்புக் கட்டைகள் மட்டும் நின்றன. மேபல் எந்த எண் என்று பதிவேட்டில் இல்லை. டல்ஸி ஒவ்வொரு கட்டையாகப் போய்க் குனிந்து, "நான் டல்ஸி வந்திருக்கேம்மா" என்றாள். முப்பத்தேழு கட்டைகள் இருந்தன.