கட்டிலுக்கடியில் நான்கு பேட்டரி

துணி துவைக்க ஊருக்குள் போன வெர்னா மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினாள். அதற்குள் பேட்டரிகள் பொருத்தப்பட்டிருந்தன. டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் அவர்களுடைய டிரெய்லர் வீட்டின் பின்பக்கப் பெட்டியில். அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில்.

துணிக்கூடையை மணலில் இறக்கினாள். பக்கத்து டிரெய்லர்க்காரர் க்ளைட் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் புருஷன் ஹார்லன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். பக்கத்தில் சக்கரம் வைத்த தாங்கியில் ஆக்சிஜன் சிலிண்டர்.

"ஒரு வாரமா டேப்பை வெச்சு அளந்துக்கிட்டே இருந்த," என்றான் ஹார்லன். "க்ளைட் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுட்டாரு."

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டு."

"பேட்டரின்னா வெளியிலதாம்மா இருக்கணும்," என்றார் க்ளைட். "நாப்பது வருஷமா டிரெய்லர் இழுக்கறேன்."

"அது தண்ணி ஊத்தற பேட்டரிக்கு. அதுல வாயு கிளம்பும். இது சீல் வெச்சது. உள்ளேயே வைக்கலாம். கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கு."

"அதை எழுதினவன் பேட்டரி மேல படுத்துத் தூங்கினானாமா?" என்றான் ஹார்லன்.

இருவரும் சிரித்தார்கள். ஹார்லனின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வெர்னா அது அடங்கும்வரை நின்றாள். முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை.

பகலுக்குச் சிலிண்டர் போதும். ராத்திரி அவனுக்கு மெஷின் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின். அது விடியும்வரை ஓட வேண்டும். போன மாதம் பழைய பேட்டரிகள் செத்துப்போய் மெஷின் பாதியில் நின்றது. அவள் விழித்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த நான்கையும் வாங்கினாள். கூரையில் சோலார் தகடு கூட்டினாள். இடம் தேடினாள். பழைய பேட்டரிகள் இருந்த, டிரக்கோடு கொக்கி மாட்டும் மூக்குச் சட்டத்தில் இரண்டுக்குத்தான் இடம். சாப்பாட்டு மேஜையின் இருக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. மிஞ்சியது முன்பக்கக் கட்டிலின் அடி. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் அங்கிருந்து ஒரு முழம்.

கட்டிலுக்கடியில் ஹார்லனின் கற்கள் இருந்தன. அரிசோனா முழுக்க நடந்து பொறுக்கியவை. அகேட் என்னும் வரிக்கல், கல்லாகிப்போன மரத்துண்டு, இன்னும் என்னென்னவோ. முந்நூறு பவுண்டுக்குக் குறையாது.

இந்த அரசு நிலத்தில் ஒருவர் பதினாலு நாள்தான் தங்கலாம். நாளையோடு பதினாலு. மலைப்பாதையில் ஒன்பது மைல் இறக்கம். ஓட்டப் போகிறவள் வெர்னா. ஹார்லன் ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"பின்னாடி இருநூத்தி அறுபது பவுண்டை ஏத்தி வெச்சிருக்கீங்க," என்றாள். "மூக்கு லேசாயிருக்கும். இறக்கத்துல அது வாலாட்டினா பிடிக்க வேண்டியது நான்."

"ஆட்டாது."

"நிறுத்துப் பாப்போம்."

குளியலறை எடை மெஷினை எடுத்து வந்தாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஒரு பலகை. ஒரு முனைக்கு அடியில் செங்கல்லும் குழாய்த் துண்டும். மறு முனைக்கு அடியில் எடை மெஷின். செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்க வேண்டும். முள் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கின் எடை. ஐயாயிரத்து இருநூறு பவுண்டு டிரெய்லருக்கு மூக்கில் குறைந்தது ஐந்நூற்று இருபது இருக்க வேண்டும்.

வெர்னா மண்டியிட்டு ஜாக்கைச் சுற்றினாள். மூக்கு மெல்ல இறங்கிப் பலகையில் உட்கார்ந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து முள் தெரியவில்லை.

"நூத்தி எழுபத்தஞ்சு," என்று படித்தார் க்ளைட்.

மூன்றால் பெருக்கினாள். ஐந்நூற்று இருபத்தைந்து.

"கேட்டுச்சா மகாராணி?" என்றான் ஹார்லன்.

கேட்டது. அவன் குரல் நாற்காலியிலிருந்து வரவில்லை. எழுந்து சுற்றி வந்தாள். முள் நூற்று எழுபத்தைந்தில் நிற்கவில்லை. எழுபதுக்கு இறங்கியது. எழுபத்தைந்துக்கு ஏறியது. மறுபடி இறங்கியது. நிறுத்தி வைத்த டிரெய்லர் மூச்சு விடாது. ஹார்லன் சிலிண்டர் தாங்கியைப் பிடித்தபடி நின்றிருந்தான். ஒரு பூட்ஸ் கால் பலகையின் முனையில் இருந்தது.

"காலை எடு."

"சும்மா சாஞ்சுக்கிட்டேன்."

"எடு."

எடுத்தான். முள் நூற்றைந்தில் விழுந்து அசையாமல் நின்றது.

முந்நூற்றுப் பதினைந்து.



"நீங்களும் பாத்தீங்க," என்றாள் க்ளைட்டிடம். "கால் இருந்தது தெரிஞ்சுதான் படிச்சீங்க."

"புருஷன் பொஞ்சாதி விஷயம். நான் எதுக்கும்மா..." ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். "பீன்ஸை அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன்."

"கருகட்டும். நாலையும் கழட்டி வாசல்ல கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க."

க்ளைட் ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் மலையைப் பார்த்தான். க்ளைட் ஸ்பேனரை வெளியே எடுத்தார்.

வெர்னா உள்ளே போனாள். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். கட்டில் பலகையைத் திறந்தாள். ஹார்லன் தாங்கியை இழுத்துக்கொண்டு படியேறி வாசலை மறித்து நின்றான்.

"கல்லு மேல கை வைக்காத."

"நகரு."

"டிரக்ல போடலாம்ல."

"டிரக்ல ரெண்டு டிரம் தண்ணி இருக்கு. அதோட பின்சக்கரம் இப்பவே நசுங்கிப்போய் நிக்குது."

"அதெல்லாம் நான் நடந்து போய் எடுத்தது வெர்னா."

"தெரியும். பாதி மூட்டை என் முதுகுலதான் வந்துச்சு."

"இனிமே நடக்க முடியாது."

"அதுக்காக? இறக்கத்துல ரெண்டு பேரும் உருண்டுடலாமா? என்னை ஏமாத்த நெனச்ச. மூச்சு விட வக்கில்லாத நிலைமையில, எந்திரிச்சு வந்து, பலகையில கால் வெச்சு ஏமாத்தின."

 ஹார்லன் அவளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தான். கையில் சிக்கிய கல்லை எடுத்து வெளியே எறிந்தான். இரண்டாவதை எறிந்தான். மூன்றாவது வாசல் வரைக்கும் போகவில்லை. அடுப்படியில் விழுந்து உருண்டது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது.

வெர்னா சிலிண்டரின் அளவைக் கூட்டினாள். குழாயைச் சரி செய்தாள்.   

"உன் கோபத்தையும் நான்தான் சுமக்கணுமா?" என்றாள்.

சுமந்தாள். வாளி வாளியாக அள்ளிப் படியிறங்கினாள். டிரெய்லருக்கும் புதருக்கும் இடையே கொட்டினாள். ஏழாவது வாளியில் அவனுக்குப் பேச்சு வந்தது.

"கொட்டாத. உடைஞ்சுடும். அடுக்கு."

"உடையட்டும்," என்றாள். கொட்டினாள்.

க்ளைட் நான்கு பேட்டரிகளையும் படிக்கட்டில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருந்தார். ஒவ்வொன்றும் அறுபத்தைந்து பவுண்டு. அவள் ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே இறக்கினாள். அசையாமல் இருக்கப் பட்டை போட்டு இறுக்கினாள். ஒயர்களைச் சேர்த்தாள். ஹார்லன் தரையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நட்டு அவன் பக்கம் உருண்டது. எடுத்து நீட்டினான். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

இன்வெர்ட்டரைப் போட்டாள். மெஷின் ஒரு முறை கூவி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. சிலிண்டர் குழாயைக் கழற்றிவிட்டு மெஷின் குழாயை அவன் மூக்கில் மாட்டினாள். அவன் நெஞ்சு மெதுவாக ஒரு நிதானத்துக்கு வந்தது.

"நல்லாதான் ஓடுது," என்றான்.

அவள் பலகையை மூடினாள். மெத்தையைப் போட்டாள்.

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா டிரெய்லரைக் கழட்டி விட்டுட்டு நான் மட்டும் டிரக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

"மெஷின் டிரெய்லர்லதான இருக்கு?" என்றான் ஹார்லன் லேசாகச் சிரித்து.

"ஆமா," என்றாள் வெர்னா. "உனக்கு மூச்சு இருக்கும். அது போதும்."

அவன் சிரிப்பு நின்றது. அவள் எடை மெஷினின் முள்ளை மறுபடி பார்க்கப் படியிறங்கினாள்.