எவால்டின் வரிசை

யோஹன்னா சிம்மர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1986ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரோசன்குருண்ட் ஊரில் ஒரு திராட்சை வேரைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அன்று பனி அதிகம். மாவு விலை முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. சிம்மர் குடும்பத்துத் தோட்டத்தில் பழைய கொடிகளைப் பிடுங்க வந்திருந்த டெஸ் என்ற டிராக்டர்காரன், ஒரு வரிசையின் கடைசிக் கொடியில் சங்கிலியை மாட்டி இழுத்திருக்கிறான். அடிமரம் வந்துவிட்டது, வேர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. டிராக்டர் தோட்டத்தைத் தாண்டி, வேலியை மிதித்து, தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் வேரின் மறுமுனை தெரிந்தது. அதை இரண்டு கையாலும் இறுகப் பற்றியபடி, அந்தக் காலத்து மணப்பெண்கள் உடுத்திய கறுப்பு உடுப்போடு, கன்னத்துச் சிவப்புகூட மாறாமல் யோஹன்னா கிடந்தாள். மூச்சுதான் இல்லை. டெஸ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதே நேரத்தில் மேட்டில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கல் சரிந்து விழுந்ததைக் கோயில்பிள்ளை பார்த்திருக்கிறார்.

லேசில் அதிர்ந்துபோகிற ஊரில்லை இது. ஜெபப் புத்தகத்தை ராஜா மாற்றினார் என்பதற்காகச் சொந்த நாட்டையே வேண்டாம் என்று கப்பலேறி, ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்கோடிப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய ஜெர்மானியர்கள் கட்டிய ஊர். வந்த வருஷமே தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டு, மறு வருஷம் திராட்சை ஊன்றினார்கள். முதல் உலகப்போரில் அரசாங்கம் ஊரின் பெயரை வரைபடத்திலிருந்து அழித்து யாரோ ஒரு தளபதியின் பெயரை வைத்தது, பள்ளிக்கூடத்தைப் பூட்டியது, பேண்டு வாத்தியக் குழுவின் தலைவரைச் சிறையில் வைத்தது. ஊர் வாயைத் திறக்காமல் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தது. இரண்டு தலைமுறை கழித்துப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தபோதும் அதற்காக ஒரு கொண்டாட்டமும் இல்லை. ஊர் மண்டபத்தில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. எந்தக் கொடியை யார் நட்டார் என்று முன்னோர் பெயர்களெல்லாம் அதில் இருக்கும், அத்தனையும் ஆண் பெயர்கள். இப்போது ஒயினுக்கு விலையில்லாமல் பீப்பாய்கள் தேங்கிக் கிடந்தன. பழைய கொடியைப் பிடுங்கிப் போட்டால் பணம் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. வேறு வழியில்லாதவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

யோஹன்னாவுக்குப் பிறகு வாரத்துக்கு ஒருவராவது வந்தார்கள். ஒரு வரிசையைப் பிடுங்கினால் கடைசிக் கொடியின் வேரில் ஒரு பிணம். எல்லோரும் முழுசாக, நல்ல வயதில், பிடி விடாமல். இறப்புக்குப் பிறகு எழுந்து வருகிறவர்களைப் பற்றி வேதாகமத்தில் நிறைய உண்டு. வேரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் மறு அடக்கத்தில் பாஸ்டர் லோபே பரமண்டல ஜெபத்தைப் பாதியில் மறந்து நின்றார். போலீஸ்காரர் வழக்குப் பதியப் பார்த்தார், யார் மேல் பதிவது என்று அவருக்கு விளங்கவில்லை. விரல்களை விரிக்க முடியாமல் போகவே, வேரை ரம்பத்தால் அறுத்து, கைப்பிடித் துண்டோடு சேர்த்தே புதைத்தார்கள். அடக்கம் என்றால் காபியும் மேலே சர்க்கரைத் துருவல் தூவிய ஈஸ்ட் கேக்கும் கொடுத்தாக வேண்டும் என்பதால், வெளிறிப்போன முகத்தோடு பெண்கள் வாராவாரம் கேக் சுட்டார்கள். தகட்டில் சிம்மர் வீட்டு வரிசைக்கு நேரே ஆகஸ்ட் சிம்மரின் பெயர் இருக்க, அவர் மனைவி ஏன் வந்தாள் என்று கேட்டவர்கள் உண்டு. வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். மண்ணுக்குள் முகவரி குழம்பிப்போயிருக்கும் என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

இதில் எதற்கும் அசையாதவள் ஹுல்டா நோஸ்கே ஒருத்திதான். பிடுங்கச் சொல்லி வந்த அதிகாரியைச் செருப்புப் போடக்கூட விடாமல் படியிறக்கி விரட்டியவள். அவள் கணவன் எவால்ட், கல்யாணமாகிப் பதினோராம் வருஷக் கோடையில், பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல் தீயை அணைக்கப் போய்ச் செத்தான். கிடைத்த உடம்பை அடையாளம் காட்டியவள் அவனுடைய அக்கா செல்மா. ஹுல்டா வருவதற்குள் பெட்டியை ஆணியடித்து மூடச் சொன்னவளும் அவள்தான். அன்றிலிருந்து ஒரே தேவாலயத்தில், ஒரே பெஞ்சில், இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து எழுந்தார்கள். கல்யாணமான வருஷம் வைத்த ஷிராஸ் திராட்சைக் கொடி வரிசை மட்டும் ஹுல்டாவுக்கு மிஞ்சியது. ஊர் அதை எவால்டின் வரிசை என்றது. அவளும் ஒரு தகரத்தில் அப்படியே எழுதி முதல் கம்பத்தில் மாட்டினாள்.

ஜூலையில் டிரௌகாட் கிளெம் வந்தார். பிழியும் இயந்திரத்தில் ஒரு கையைத் தோளோடு பறிகொடுத்து, அந்தக் காயத்திலேயே இறந்தவர். ஊரில் பாதிப் பேர் அந்தச் சாவுக்குப் போனவர்கள். அவர் இரண்டு கையாலும் வேரைப் பிடித்தபடி வந்தார். கசாப்புக்கடைக்காரர் அன்று கடையே திறக்கவில்லை. ஹுல்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், குனிந்து, அந்த இரண்டாவது கையைத் தொட்டுப் பார்த்தாள். தோலில் ஒரு கீறல் இல்லை. மண்ணுக்குள் எல்லாம் ஆறிவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் காலை அவளே அதிகாரியைத் தேடிப் போய் எவால்டின் வரிசைக்குக் கையெழுத்துப் போட்டாள். பிணங்கள் வந்ததைவிட இதில்தான் ஊர் அதிகம் ஆடிப்போனது.

செல்மா பல வருஷத்துக்குப் பிறகு தம்பி வீட்டுப் படியேறினாள். உள்ளே கூப்பிடவில்லை என்பதால் வாசலிலேயே நின்றாள்.

"வேணாம் ஹுல்டா. அவனை நிம்மதியாப் படுக்க விடு."

"நீ அவனைப் பிறந்ததுல இருந்து பாத்துட்ட. எனக்குக் கிடைச்சது பதினோரு வருஷம். கடைசி நாளையும் நீ பிடுங்கிக்கிட்ட."

"உன் நல்லதுக்குத்தான் மூடச் சொன்னேன்."

"என் நல்லத யாரு உங்கிட்டக் கேட்டா? ஒரு தடவ அவன் மூஞ்சியப் பாக்கணும். பாத்துட்டு நானே திருப்பிப் புதைச்சுக்கறேன். கேக்கும் நானே சுட்டுக்கறேன், நீ ஒண்ணும் சிரமப்பட வேணாம்."

அந்த வாரம் முழுக்க ஹுல்டா தூங்கவில்லை. எவால்டின் நல்ல கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள். தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள், ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று கண்ணாடியைப் பார்த்துத் தானே திட்டிக்கொண்டாள். அவன் முப்பத்தைந்து வயதில் வருவானே, என்னை அடையாளம் தெரியுமா என்று யோசித்தாள். பிணத்துக்கு என்ன தெரியப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் யோசித்தாள்.

பிடுங்கும் நாளில் ஊரே வேலியோரம் நின்றது. பாஸ்டர் அங்கியோடு வந்திருந்தார். வரிசையின் கடைசிக் கொடியில் சங்கிலியை மாட்டிவிட்டு டெஸ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஹுல்டா தலையசைத்தாள். டிராக்டர் உறுமி முன்னே நகர்ந்தது. கொடி சாய்ந்தது, மண் வெடித்தது. ஹுல்டாவின் வலது கை தானாக மூடிக்கொண்டது.

முதலில் அவள் அதைக் குளிர் என்று நினைத்தாள். பிறகு கை முன்னால் நீண்டது, தோள்பட்டை இழுபட்டது, முகம் அடிக்க அவள் மண்ணில் விழுந்தாள். யாரும் தொடாமல், எந்தக் கயிறும் இல்லாமல், மூடிய முஷ்டி முன்னே போக, உழவு மண்ணில் கொடியின் குழியை நோக்கி அவள் இழுபட்டுப் போனாள். நல்ல காலணி ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. கூட்டம் மரமாகிவிட்டது. வேலியைத் தாண்டி ஓடியவள் செல்மா ஒருத்திதான். ஹுல்டாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளும் கூடவே இழுபட்டாள்.

"நிறுத்துடா வண்டிய! எவால்ட் இல்லடா, இவ!"

முழங்கைவரை ஹுல்டா குழிக்குள் போன பிறகு டிராக்டர் நின்றது. சங்கிலி தளர்ந்ததும் கை திறந்தது. உள்ளங்கையில் குறுக்காக, புதுக்கயிறு அறுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"நீதானடி ஊன்றின," என்றாள் செல்மா மூச்சு வாங்க. "நான் வேலியில நின்னு பாத்துட்டிருந்தேன். அவன் கடப்பாரையால குழி போட்டுட்டே முன்னாடி போறான், நீ பின்னாடியே குச்சிய வச்சு வச்சு ஷூவால மிதிச்சுட்டு வர்ற. கடைசிக் குச்சிய வச்சுட்டு நிமிந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்ட."

ஹுல்டாவுக்கு அப்போதுதான் எல்லாம் வந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்துக் குளிர், விரல் மரத்துப்போனது, குச்சியை அவள் கோணலாக வைக்கிறாள் என்று அவன் கிண்டல் செய்தது. இந்தப் பள்ளத்தாக்கில் குழி போடுவது புருஷன், ஊன்றுவது பெண்டாட்டி. பெண்டாட்டி இல்லாதவன் இரண்டையும் செய்வான். டிரௌகாட் கிளெம் கடைசிவரை கல்யாணம் கட்டாதவர். கடப்பாரை யார் கையில் இருந்ததோ அவன் பெயரைத் தகட்டில் பொறிக்கிறது ஊர், நூற்றைம்பது வருஷமாக. தன் வரிசைக்குத் தானே அவன் பெயரை எழுதி மாட்டியவள் அவள். இனி அவன் வரமாட்டான். எந்தக் கொடியைப் பிடுங்கினாலும் வரமாட்டான். ஹுல்டா குழியோரத்தில் உட்கார்ந்து, அவன் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் அவள் செல்மாவிடம் கேட்டாள்: "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

செல்மா மண்ணைக் கிளறினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"மூஞ்சி இல்ல, ஹுல்டா. கைய வச்சுதான் கண்டுபிடிச்சேன். குப்புற விழுந்திருந்தான், வலது கை வயித்துக்கு அடியில மாட்டிக்கிட்டதால தப்பிச்சுது."

"கை எப்படி இருந்துச்சு?"

"விரிஞ்சிருந்துச்சு. எதையும் பிடிச்சுக்கல."

ஹுல்டா தலையாட்டினாள். அந்தப் பதில் தனக்குப் போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு பதில் கிடையாது என்று மட்டும் தெரிந்தது. செல்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். கழன்றுபோன காலணியைப் பாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாய்ந்த கொடியைக் குழியில் நிமிர்த்தி மண் அணைத்தார்கள், அது பிழைத்துக்கொண்டது. அந்த வருஷம் ரோசன்குருண்டில் அதன் பிறகு யாரும் எதையும் பிடுங்கவில்லை. உயிரோடிருக்கும் பெண்கள் அவரவர் வரிசையை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். சில புருஷன்மார் அன்று இரவுச் சாப்பாட்டில் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள். அதிகாரி தன் தாளில் ஈரமண், வேலை நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறது, அதை மாற்றச் செலவாகும் என்கிறார்கள். இப்போது ஷிராஸுக்கு நல்ல விலை. ஹுல்டாவின் வரிசையில் கவாத்து செய்ய இரண்டு பேர் வருகிறார்கள், கத்தரியை எடுப்பதற்கு முன் அடுக்களை ஜன்னலைத் தட்டுவார்கள். அவள் கையிலிருக்கும் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, வெட்டுங்கள் என்பாள்.