பின்பாதி

வாடகைக்கு எடுத்த நாற்பது நாற்காலிகளை ஞானப்பிரகாசம் மூன்றாவது முறையாக நேராக்கிக்கொண்டிருந்தார். யாரும் உட்காராத நாற்காலி கலைய வழியில்லை. ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கூடத்தில், பெட்டிக்குள், அவர் மனைவி பிலோமினா வெள்ளைப் புடவையில் கிடந்தாள். மணி ஒன்றே முக்கால். மூன்றுக்கு வண்டி வரும், நான்குக்குக் கோயிலில் பூசை. அதற்குள் வீட்டில் செபமாலை சொல்லி முடிக்க வேண்டும்.

"அப்பா, அன்பியம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுடவா?" என்றான் மகன் வின்சென்ட். நேற்றிலிருந்து நான்காவது முறை.

"எதுக்கு? இந்த வீட்ல செபம் சொல்ல ஆள் இல்லையா?"

"ஆள் இருக்குலா பா. எத்தனை பேருன்னுதான் பாக்குறேன்."

அவர் கேட் வரை நடந்து திரும்பினார்.

ஜெலுத்தோங் வட்டாரத்தில் நாலு தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிதோறும் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவர் இருபத்திரண்டு வருஷம் தலைவர். அவருக்கு முன் அவருடைய அப்பா. செபமாலையின் முன்பாதியை இந்தக் குடும்பத்துக் குரல்தான் எடுத்துக்கொடுக்கும். பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பங்குச் சாமியார் அந்தப் பொறுப்பைப் பின் சந்தில் குடியிருக்கும் பிரமிளாவிடம் கொடுத்தார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டாவது அவர் மனம் ஆறியிருக்கும். அடுத்த மாதம் அவருடைய கண் ஆபரேஷனுக்காக எல்லாரும் செபம் சொல்ல வந்தபோது, இந்த வீட்டுக்கு வெளியாள் செபம் வேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து செபம் இரண்டே பேர். அவர் முன்பாதி, பிலோமினா பின்பாதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின் சந்திலிருந்து குரல்கள் வரும்போது அவள் சமையல்கட்டுக் குழாயை மூடிவிட்டு அசையாமல் நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை அவள் தெளிவாகப் பேசினாள். "நான் போனா எல்லாரையும் கூப்பிட்டுச் செபம் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் சொன்னது போதும்ங்க." அவர் தலையாட்டினார். புதன்கிழமை அவள் போய்விட்டாள். தலையாட்டியதை வேறு யாரும் பார்க்கவில்லை.

இன்று காலை பிரமிளா ஷிப்ட் முடிந்து வேலைச் சட்டையோடேயே வந்தாள். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். "செபம் வைக்கலாமா அங்கிள்?" என்று கேட்டாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அவர். அதன்பின் வந்தவர்களும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, உட்காராமலே போனார்கள்.

இரண்டு மணிக்குச் செபமாலையைக் கையில் எடுத்தார். முன்பாதி கணீரென்று வந்தது. பின்பாதிக்கு வின்சென்ட் வாயைத் திறந்தான். கோலாலம்பூரில் ஆங்கிலப் பூசைக்குப் போகிறவனுக்கு நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. அவன் மனைவி சீனப் பெண். தலை குனிந்து நின்றாள். செபமாலையின் அடுத்த மணியிலிருந்து இரண்டு பாதியையும் ஞானப்பிரகாசமே சொன்னார். அப்பா இறந்த நாளிலிருந்து அவர் பின்பாதியை வாய்விட்டுச் சொன்னதில்லை. பாவிகளுக்காக வேண்டுவதும், மரண நேரத்தைச் சொல்வதும் அதில்தான் இருந்தது. 'எங்களுக்காக' என்ற சொல் அந்தக் கூடத்தில் ஒற்றைக் குரலில் விழுந்தது. மாலையின் நான்காவது மணியில் அது வரவே இல்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். உடனே மூடினார்.

பின் சந்தில் குரல்கள். இன்று வெள்ளிக்கிழமை இல்லை. செபமாலையில் பத்து மணிகளின் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன், ஒரு பெண் குரல் பிலோமினாவின் பெயரைச் சொன்னது.

பின்கதவைத் திறந்து வெறுங்காலோடு சந்தைக் கடந்தார். தார் சுட்டது. பிரமிளா வீட்டு வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புக்குக் குறையாது. அவரைக் கண்டதும் செபம் நின்றது.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள்," பிரமிளா எழுந்தாள். "அங்க வேணாம்னு சொல்லிட்டீங்க. அதான் ஆன்ட்டிக்கு இங்கயே சொல்றோம்."

வரும் வழியில் அவர் கௌரவமாக ஒரு வாக்கியம் கட்டி வைத்திருந்தார். அது எங்கோ போய்விட்டது.

"நாற்பது நாற்காலி போட்டிருக்கேன்மா," என்றார்.

சுவரோரம் இருந்த மதலேனம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். "மூணு வருஷமா தரையில உக்காந்து என் முட்டி போச்சு. எந்திரிங்கடி, நாற்காலி இருக்காம்."

நாற்காலிகள் நிறைந்து, சிலர் நிற்க வேண்டியதாயிற்று. பிரமிளா பெட்டியின் தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டு விலகினாள். அவர் அங்கே போகவில்லை.

"விட்ட எடத்துலேர்ந்து நீயே எடும்மா."

வாசற்படிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிரமிளா தொடங்கியதும் பழக்கத்தில் அவர் வாயும் முன்பாதியில் இரண்டு சொல் ஓடி, நின்றது. வின்சென்ட் மற்றவர்களுக்கு அரைச் சொல் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஞானப்பிரகாசம் கேட்டுக்குப் போய் டிரைவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். எஞ்சின் அணைந்தது.

அவர் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே அசையாமல் நின்றார். உள்ளே பிரமிளாவின் முன்பாதி முடிந்தது. அவர் வாயைத் திறந்தார்.