கடைசிப் பக்கத்தில் ஒரு அம்மா

“என் படங்களத் திருப்பிக் குடுங்க, முதலாளி.”

அச்சகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், கொடுத்த படத்தை மட்டும் திரும்பக் கேட்காதே, கேட்டால் அடுத்த புத்தகம் கிடையாது என்று மெய்ப்பு பார்க்கும் இராஜம்மா முதல் நாளே தனலெட்சுமியின் காதில் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவள் தலை காகிதத்துக்குள் இன்னும் தாழ்ந்தது. எழுத்துக் கோப்பவர்களின் கை நின்றது. பிரிக்பீல்ட்ஸ் தெருவின் லோரி இரைச்சல் மட்டும் உள்ளே வந்து போனது.

முதலாளி சாத்தப்பன் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. “பட்டதாரிப் பொண்ணு போட்ட புஸ்தகம்னு பாலர் பள்ளிக்கெல்லாம் சொல்லிட்டேன். இப்ப வந்து வெளயாடுறியே, தனம்.”

தனலெட்சுமி மேசையில் கிடந்த தன் படங்களைப் பார்த்தாள். இருட்டுக்குப் பயப்படும் சிறுமியின் கதை அது. விடியுமுன் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக விழிக்கிறாள். கூரையில் நடப்பது பேயா என்று நடுங்குகிறாள். கடைசிப் பக்கத்தில் தானே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்கிறாள். வெளியே இருட்டும் ரப்பர் மரங்களும்தான். அப்படித்தான் வரைந்து கொடுத்திருந்தாள். இப்போது அந்த வாசலில், பட்டுச்சேலையும் மல்லிகையுமாக ஒரு அம்மா கைநீட்டி நின்றாள். வேறு யாரோ, அவள் படத்தின் மேலேயே தீட்டியிருந்தார்கள்.

“யாருமே இல்லாம முடிச்சா பிள்ளைங்க பயந்துரும் லா. அஞ்சு வயசுப் பிள்ளைய எந்தத் தாய் தனியா விட்டுட்டுப் போவா?”

“எங்கம்மா போனாங்க. விடியறதுக்குள்ள பெரட்டுல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டு பால்மரம் சீவப் போகணும். லயத்துல எல்லா அம்மாவும் அப்படித்தான். யாரும் வந்து கை நீட்டல. நானாத்தான் தொறந்தேன்.”

குரல் நடுங்கியது. கோபம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும். பட்டணத்து வாடகை அறையிலும் அவளுக்கு அதே நேரத்தில்தான் விழிப்பு வரும். பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது; பேச்சுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

“மொதப் புஸ்தகம்மா,” என்றார் சாத்தப்பன், சிரிப்பை நிறுத்தி. “அந்த அம்மா நின்னுட்டுப் போறா. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

ஒரு கணம் அந்தப் பட்டுச்சேலைக்காரியின் கையைத் தனலெட்சுமிக்கே பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதுதான் அவளை எரித்தது.

பையிலிருந்து அம்மாவின் பழைய கைலியை எடுத்து விரித்தாள். காலையிலேயே மடித்துக் கொண்டுவந்தது. படங்களை அடுக்கி முடிச்சுப் போட்டாள். கடைசிப் படத்தை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள்.

“இது உங்க அம்மா. நீங்களே வச்சுக்குங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. கதவு கனம், தோளால் தள்ள வேண்டியிருந்தது. வெளியே மழை கட்டி இருட்டியிருந்தது. கடைகளின் முன்னே அஞ்சடி நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.