மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி

காலை எட்டு மணிக்குள் நாற்பதாயிரம் பேரை உட்கார வைத்தாக வேண்டும். அதற்காகவே நாட்றம்பள்ளியிலிருந்து ஐந்து மணிக்குக் கம்பெனி வேன் கிளம்பும். ஆம்பூர் பைபாஸில் இறங்கி, ஷூ கம்பெனியின் பின்பக்க இரும்புப் படியில் ஏறி, மாடியில் கம்ப்யூட்டரைப் போடும்போது கீழே தையல் ஹாலில் இன்னும் விளக்கு எரிந்திருக்காது. பசை வாடையும் தோல் வாடையும் மட்டும் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் யாரோ கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். காசு கூடக் கொடுத்தால், ஆட்டத்துக்குப் பின்னால் தெரிகிற திரையை அவர்கள் இஷ்டத்துக்குச் செய்து கொடுப்போம். தன் ஊர் மைதானம் வேண்டும் என்பான் ஒருவன். மழை மேகம் வேண்டும், கொடியில் தன் பெயர் வேண்டும் என்பான் இன்னொருவன். பிரேம்நாத் விளக்குக் கம்பங்களை நடுவான். நானும் சகீனாவும் ஹெலனும் கூட்டத்தை உட்கார வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு திரை என்று இருந்தது, தீபாவளிக்கு அப்புறம் பத்தாயிற்று. சம்பளம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மணிக்கட்டு வீங்கிப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுகிறவள் நான். கீழே ஷூ தைக்கிற முத்துமாரி அக்கா ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடி பாரதி, ஏசில உக்கார்ற வேலைன்னு சொன்னாங்க. என் கை மாதிரியே இருக்குது" என்றாள்.

கூட்டத்தில் பின்வரிசையெல்லாம் வெறும் புள்ளி. முன்னால் இருக்கிற ஆறு வரிசைக்கு மட்டும் முகம் வேண்டும். மிஷின் வரைந்த முகம் கூடாது, முன்பின் தெரியாதவர்கள் படத்தை எடுத்துப் போடவும் கூடாது என்பது வாங்குகிறவர்களின் கண்டிஷன். அதனால் எங்கள் முதலாளி சூரியபிரகாஷ் எங்களையே சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். சிரிக்கிற முகம், கை தட்டுகிற முகம், விக்கெட் போனதும் தலையில் கை வைக்கிற முகம் என்று ஆளுக்குப் பத்து. அதுவும் போதாமல் வீட்டு ஆட்களையும் கூட்டிவரச் சொன்னார், காசு எதுவும் இல்லாமல் சும்மாதான். ஒரு மேட்சுக்கு டிக்கெட் எடுக்க வழியில்லாத ஆம்பூர் ஜனங்கள், உலகத்தின் எல்லா மைதானத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தது இப்படித்தான்.

ஹெலன் தன் புருஷன் இன்பராஜை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு கூட்டி வந்தாள். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர். விரலெல்லாம் வெடிப்பு. கேமராவைப் பார்க்கச் சொன்னால், பக்கத்தில் நின்று கேலி செய்துகொண்டிருந்த ஹெலனையே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நேராகப் பார்க்கிற படம் ஒன்றுகூட வரவில்லை.

"வுடு, அவர் பாக்குற பக்கம் நான் உக்காந்துக்குறேன்" என்றாள் ஹெலன்.

அன்றிலிருந்து அவள் செய்கிற திரை எதுவானாலும் மூன்றாவது வரிசையில் இன்பராஜ் இடப்பக்கம் திரும்பிச் சிரிப்பார். இடப்பக்க நாற்காலியில் ஹெலன் இருப்பாள். நாங்களும் அந்த ஜோடியைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வோம். கேட்காமலே எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

இரும்புப் படியின் கைப்பிடி ஆடுகிறது என்று மூன்று தடவை சொன்னோம். முதல் தடவை "பாக்குறேன்" என்றார் முதலாளி. இரண்டாவது தடவை கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னவள் ஹெலன். "முன்பக்கப் படியிலயாவது வுடுங்க சார்" என்றாள். அது திரை வாங்குகிற பார்ட்டிகள் வந்து போகிற வழியாம், நாங்கள் ஏறக் கூடாதாம்.

பிப்ரவரியில் ஒரு காலை. பனியில் படி நனைந்திருந்தது. எனக்கு நான்கு படி முன்னால் ஹெலன் ஏறிக்கொண்டிருந்தாள். கைப்பிடி பெயர்ந்து அவளோடு போயிற்று. நான் கையை நீட்டினேன். என் கையில் சிக்கியது அவளுடைய டிபன் பை மட்டும்தான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். கண் திறக்கவே இல்லை. நான்கு வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுவாரம் இன்பராஜ் கம்பெனிக்கு வந்து ஒரே ஒரு காகிதம் கேட்டார். ஹெலன் இங்கே வேலை செய்தாள் என்று எழுதிய காகிதம். அது இருந்தால்தான் குழந்தைக்கு மாதாமாதம் ஏதாவது வரும். முதலாளி தரவில்லை. எங்கள் யாருடைய பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இரண்டு வருஷம் நான்கு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து உழைத்தவளை, "கத்துக்க வந்த பொண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இன்பராஜ் லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாரதி, ஹெலன் மூஞ்சி எதுலயும் இருக்கக் கூடாது. இன்னும் அனுப்பாத திரை எல்லாத்துலயும் எடுத்துடு. நமக்குள்ள இருக்கட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பயம். என் ஒருத்தி வேலையில் ஓடுகிற வீடு. இதெல்லாம் காரணம்தான், நியாயம் ஆகாது. இரண்டே நாளில் அறுபத்து மூன்று திரைகளிலிருந்து என் சிநேகிதியை என் கையாலேயே எடுத்தேன். அந்த இடத்தில் வேறு ஆளை வைக்க வேண்டும். என் முகத்தையே வைத்துப் பார்த்தேன். இன்பராஜ் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். உடம்பு கூசிவிட்டது. நாற்காலியைக் காலியாகவே விட்டு அனுப்பினேன். நாற்பதாயிரம் பேரில் ஒன்றை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கவனித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை, வேலை தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அறுபத்து மூணும் திரும்பி வந்திருக்கு! ஃபுல் கூட்டத்துல ஒரு சேர் மட்டும் ஏன் காலின்னு பார்ட்டி கேக்குறான். பக்கத்து ஆளு காலி சேரைப் பாத்து ஏன் சிரிக்கிறான்னு கேக்குறான். இன்னா வேலை இது?"

ஹாலில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சகீனா எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீயாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து இன்பராஜ் வாசலில் வந்து நின்றார். ஆபீசர் வருகிற நாள் என்று வந்திருக்கிறார். அதே படியில்தான் ஏறி வந்திருக்கிறார். கைப்பிடி இருந்த இடத்தில் இப்போது ஒரு நைலான் கயிறு.

"கீழ வெயிட் பண்ணுங்க" என்றார் முதலாளி.

"பண்றேன் சார். ஒண்ணே ஒண்ணு. நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம், உலகம் பூரா பாக்குதுன்னு சொல்லுவா. நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ காட்டுனா பாத்துட்டுப் போய்டுவேன்."

திரையை அணைத்துவிட நினைத்தேன், அணைக்கவில்லை. அவர் வந்து குனிந்து பார்த்தார். அத்தனை பேரில் தன்னைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. வெடித்த விரலைத் திரையில் வைத்து, தன் முகத்திலிருந்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். காலி நாற்காலியில் விரல் நின்றது.

"எங்க அவ?"

"நான்தாண்ணா எடுத்தேன்." அதற்கு மேல் எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "இங்கயும் இல்லாம பண்ணிட்டீங்களா சார்" என்றார். குரல் உயரவே இல்லை.

"இந்த அழுகையெல்லாம் வேணாம். பாரதி, பத்து மணிக்குள்ள எல்லா சேரையும் ரொப்பு. யாரையாவது உக்கார வை."

"மாட்டேன் சார்."

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"சகீனா, நீ செய்."

"நானும் மாட்டேன் சார். அது ஹெலன் சேரு. அவ இங்க வேலை செஞ்சான்னு எழுதிக் குடுங்க. அவளையே உக்கார வெச்சுத் தர்றோம்."

"இன்னைக்கு அவளுக்கு எழுதினா நாளைக்கு நீங்க பத்தொம்பது பேரும் வந்து நிப்பீங்க."

"நிப்போம் சார். அதுல இன்னா தப்பு?" பிரேம்நாத் மவுஸை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினான். "எங்க மூஞ்சிய உலகம் பூரா வித்தீங்க. பேரை ஒரு நோட்டுல எழுத மனசு வரல."

"வெளிய கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க ஆயிரம் பேர் நிக்குறாங்க. தெரியுமில்ல?"

"வரட்டும் சார்" என்றேன் நான். "யாரை உக்கார வெச்சாலும் அண்ணன் சிரிக்கிறது அவளைப் பாத்துதான்."

ஒவ்வொரு மேஜையிலும் மவுஸ் ஓரத்துக்குப் போயிற்று. முதலாளி போனை எடுத்துக்கொண்டு முன்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார்.

சத்தம் கேட்டு முத்துமாரி அக்கா கீழேயிருந்து ஏறி வந்தாள். சகீனா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவசர ஆர்டர்னு அன்னிக்கு நாங்க விடியக்காலமே வந்திருந்தோம். அந்தப் பொண்ணு வுழுந்த சத்தம் மொதல்ல எங்க காதுலதான் கேட்டுது. நாங்கதான் தூக்குனோம்" என்றாள் அக்கா. "ஆபீசர் வரட்டும். நாங்களும் சொல்றோம்."

அவள் இறங்கிப் போய்க் கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு தையல் மிஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று. பிறகு எல்லாமும் நின்றுவிட்டன.

சகீனா ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதினாள். ஹெலன் எங்களோடு இரண்டு வருஷம் நான்கு மாதம் வேலை செய்தாள், வேலைக்கு ஏறும்போது கம்பெனிப் படியில் விழுந்தாள், நாங்கள் பார்த்தோம். முதல் கையெழுத்து நான் போட்டேன். வீங்கிய கையில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பரவாயில்லை, என் பெயர்தான் அது.

காகிதம் சுற்றி வருவதற்குள் இன்னொரு வேலையும் செய்தேன். ஹெலனின் பத்து முகங்களை மட்டும் அழிக்க மனசு வராமல் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன். ஒரே ஒரு திரையைத் திறந்து, அவளை அவள் இடத்தில் உட்கார வைத்தேன். அனுப்புவதற்காக அல்ல. இன்பராஜ் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தச் சேலை கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் குடுத்தது" என்றார். "கலர் ஜாஸ்தின்னு சண்டை போட்டா." அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிரேம்நாத் போய்ப் பக்கத்தில் நின்றான்.

நாங்கள் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தோம். மேல் படியிலிருந்து கீழ்ப் படிவரை, மாடி ஆட்களும் தையல் ஹால் பெண்களும் கலந்து உட்கார்ந்தோம். காகிதம் கை மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் இருந்த இன்பராஜிடம் வந்து சேர்ந்தபோது அதில் ஐம்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வெயில் ஏறி இரும்பு சுட ஆரம்பித்தது. ஆபீசரின் வண்டி இன்னும் வரவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.